பல்லும் உடம்பின் உறுப்பே

திருப்பதி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரவிக் கிடக்கிறது ஸ்ரீசிட்டி தொழில் நகரம். 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை அப்பகுதி சித்தூர் மாவட்டத்துக்குள் இருந்தது. பெப்சிகோ நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அங்கே ஒரு பானத் தொழிற்சாலையைத் திறந்தது. காட்பரி சாக்லேட்டின் உரிமையாளரான மோண்டலீஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே தனது ஆலையைத் திறந்தது. கோல்கேட் நிறுவனத்துக்கும் அதே நகரத்தில் ஒரு தொழிற்சாலை உண்டு. பல்லை அரிக்கும் சரக்கும் பல்லைத் துலக்கும் சரக்கும் ஒரே வேலிக்குள் உற்பத்தியாகின்றன. அவற்றைச் செய்து கொடுக்கும் தொழிலாளிக்குக் கடைவாய்ப் பல் சொத்தையானால் எங்கே போவது என்ற கேள்விக்கு மட்டும் அரசிடம் சரியான விடை இல்லை.

பல்வலி எல்லோருக்கும் வருவதுதானே, அதற்கு ஒரு தலையங்கம் வேண்டுமா என்று தோழர்கள் சிலர் எண்ணக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட வாய் நலம் பற்றிய அறிக்கை, உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர், அதாவது மனிதகுலத்தில் 45 விழுக்காட்டினர், வாய் சார்ந்த நோய்களோடு வாழ்கின்றனர் என்கிறது. அவர்களில் நான்கில் மூன்று பேர் குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் கொண்ட நாடுகளில் இருக்கிறார்கள். இத்தனை பெருந்திரளைப் பீடிக்கும் வேறு ஒரு நோய் இருந்திருந்தால் நாம் அதைப் பற்றி மாநாட்டுத் தீர்மானமே நிறைவேற்றியிருப்போம்.

நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்களை எடுத்துக்கொள்வோம். தறியோட்டும் ஒரு பெண்ணுக்கு நாற்பது வயதில் பல் கூசத் தொடங்குகிறது. அது சொத்தையின் முதல் கட்டம். வாயில் தங்கும் சர்க்கரையை நுண்ணுயிரிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. அந்த நிலையில் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் அரைமணி நேர வேலை, செலவும் குறைவு. ஆனால் அரை நாள் தறியை நிறுத்தினால் கூலி போகும். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர் கூச்சத்துக்காக விடுப்பு எடுப்பதில்லை. கிராம்புத் தைலம், உப்பு நீர், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை என்று ஆறு மாதம் ஓடும். சொத்தை பல்லின் உயிர்ப்பகுதியைத் தொட்டதும் இரவில் தூக்கம் போகிறது, கன்னம் வீங்குகிறது. இப்போது பல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் ரூட் கெனால் செய்து மேலே கேப் போட வேண்டும். தனியார் மருத்துவமனையில் இதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஆறாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். 2025-26ஆம் ஆண்டுக்கு ஆந்திரத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 307 ரூபாய். ஒரு பல்லுக்கு ஏறத்தாழ இருபது நாள் கூலி! எனவே பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று அவரே சொல்லிவிடுகிறார். அதுதான் மலிவு. பணக்காரர் வாயில் பல் அடைக்கப்படுகிறது, ஏழையின் வாயில் பிடுங்கப்படுகிறது. ஐம்பது வயதுத் தொழிலாளிகள் சிலரை வரிசையாக நிற்கவைத்துச் சிரிக்கச் சொன்னால் அவர்களது வருமானத்தை ஓரளவு கணக்கிட்டுவிடலாம். பலர் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வது வெட்க குணத்தால் மட்டும் வருவதில்லை.

பிடுங்கிய இடம் காலியாகவே இருக்கிறது. பல்செட்டு வாங்குவது அடுத்த ஆண்டுக்கும், மகள் திருமணத்துக்குப் பிறகும் தள்ளிப் போடப்படுகிறது. இரண்டு கடைவாய்ப் பற்கள் போனபின் உணவு மாறத் தொடங்குகிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது நொறுக்குவதற்குப் பல் உள்ளவர்களுக்கு. ராயலசீமையின் மானாவாரி நிலம் தரும் நிலக்கடலையை இவரால் மெல்ல முடியாது. கீரைத் தண்டு, கொய்யா, முளைகட்டிய பயறு எல்லாம் தட்டிலிருந்து விலகுகின்றன. குழைந்த வெள்ளைச் சோறு, தேநீரில் நனைத்த பன், பிஸ்கட், கடையில் விற்கும் இனிப்புப் பானம் என்று மெல்லத் தேவையில்லாதவை உள்ளே வருகின்றன. பல் இழந்தால் உடம்பு இளைக்கும் என்பதே பொதுவான எண்ணம். முதிர்ந்த வயதில் அதுவும் நடப்பதுண்டு. நடு வயதில் பலருக்கும் நேர்வது இதற்கு எதிரானது: நாரும் புரதமும் குறைந்து, மாவுச்சத்தும் சர்க்கரையும் கூடி, எடை ஏறுகிறது. எடையோடு நீரிழிவும் வருகிறது. நீரிழிவு ஈறு நோயைத் தீவிரமாக்குகிறது. ஈறு நோய் ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த முடியாமல் செய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுள் எத்தனை பேர் வாயைத் திறந்து யாரேனும் பார்த்திருப்பார்கள்?

எடை கூடுவதை உழைக்காதவர்களின் நோய் என்று கேலி செய்யும் வழக்கம் நம்மிடையேயும் இருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 36.3 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அகில இந்திய அளவில் இது 24 விழுக்காடு. அதே ஆய்வு, ஆந்திரத்தில் அதே வயதுப் பெண்களில் 58.8 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதையும் காட்டுகிறது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். உடம்பு பருத்திருக்கிறது, ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லை. வயிறு நிரம்புகிறது, சத்து சேர்வதில்லை. அதிகம் தின்றதால் வந்த கொழுப்பு என்று இதைச் சொல்பவர்கள் திருப்பதியின் விடுதிகளில் படுக்கை விரித்து, அறை துடைத்து, பன்னிரண்டு மணி நேரத்தில் ஐந்து கோப்பைத் தேநீரை மட்டுமே இளைப்பாறலாகக் கொள்ளும் பெண்களைப் பார்த்ததில்லை.

இங்கே ஒரு வரலாற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சித்தூரின் உணவு கேழ்வரகுக் களி. 1983இல் என்.டி. ராமராவ் அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியபின், ராயலசீமையின் ஏழை வீடுகளுக்கு அரிசிச் சோறு அன்றாடமானது. அத்திட்டத்தை நாம் குறை கூறவில்லை. பசித்த வயிற்றுக்கு அரிசி கிடைத்தது பெரும் வெற்றி; அதை வெட்ட முயன்ற ஒவ்வொரு முறையும் நாம் தெருவில் நின்றிருக்கிறோம். ஆனால் ரேஷன் என்றால் அரிசி என்றே அரசுகள் நிறுத்திக்கொண்டன. பருப்பும் கேழ்வரகும் கடலையும் எண்ணெயும் சந்தையின் கையில் விடப்பட்டன. விலை ஏறும்போது தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது அவைதான்.

இனிப்பு எப்படி இத்தனை மலிவாயிற்று என்பதற்கும் சித்தூரிலேயே விடை இருக்கிறது. சித்தூர் மாவட்டம் தோத்தாபுரி மாம்பழத்துக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆலைகள் கொள்முதலைத் தாமதித்து விலையை வீழ்த்தின. விவசாயிகள் பழத்தைச் சாலையில் கொட்டினார்கள். ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும், ஆக 12 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அந்த 8 ரூபாயும் பல இடங்களில் கைக்கு வரவில்லை என்பதே விவசாயிகளின் முறையீடாக இருந்தது. இப்படி அடிமாட்டு விலைக்கு வாங்கப்படும் பழத்தின் கூழில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து, சிறு பொட்டலமாகவும் புட்டியாகவும் பள்ளிக்கூட வாசலில் விற்கிறார்கள். பழம் விளைவித்தவனின் பிள்ளை அதை வாங்கிக் குடிக்கிறது. இழப்பு ஒரே குடும்பத்துக்கு இரண்டு முறை.

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில், வாயு ஏற்றிய குளிர்பானங்களுக்கு 40 விழுக்காடு வரி விதித்தார்கள். வாயு இல்லாத பழக்கூழ் பானங்களுக்கு 12 விழுக்காடாக இருந்த வரியை 5 ஆகக் குறைத்தார்கள். குமிழி வந்தால் கேடு, குமிழி இல்லாவிட்டால் நலம் என்று பல்லுக்குத் தெரியாது. அது சர்க்கரையை மட்டுமே அறியும். பற்பசைக்கும் பல் துலக்கிக்கும் 18 விழுக்காடாக இருந்த வரி 5 ஆனதை வரவேற்கிறோம். அதுவரை அத்தனை ஆண்டுகள் 18 விழுக்காடு வாங்கியதற்கு யாரும் விளக்கம் தரவில்லை.

பல் கெடுவதற்குச் சர்க்கரை மட்டும் காரணமல்ல, நீரும் காரணம். இந்தியாவில் புளோரைடு நச்சுநோய் முதன்முதலில் மருத்துவ ஏடுகளில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். பொதிலி, தர்சி, கனிகிரி பகுதிகளின் கிணற்று நீர்தான் அதற்குக் காரணம் என்று கண்டறிந்தார்கள். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் பிரகாசம், அனந்தபூர் பகுதிகளின் பல கிராமங்களில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை தொடர்கிறது. காரணம் தெரிந்தும் தீராத நோய்களின் பட்டியலில் இதை முதலில் வைக்கலாம். எவ்வளவு தேய்த்தாலும் போகாத அந்தக் கறைக்காகப் பள்ளியில் பிள்ளைகளைக் கண்டிக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புகையிலையைப் பற்றியும் ஒரு சொல். இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பீடியும் மெல்லும் புகையிலையும் உழைப்பின் அலுப்பை மறக்கத் தொழிலாளி கையில் எடுக்கும் மலிவான பொருள்கள். கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெண்படலத்தை ஒரு பல் மருத்துவர் பார்த்தால் உடனே ஐயம் கொள்வார். தேவஸ்தானம் கொடுத்த நிலத்தில் டாடா அறக்கட்டளைகள் கட்டிய புற்றுநோய் மருத்துவமனை 2022 மே மாதம் திருப்பதியில் திறக்கப்பட்டது. நல்லது. ஆனால் அங்கே போய்ச் சேரும் முன்பு, ஊரிலேயே வாயைத் திறந்து பார்ப்பதற்கு ஆள் வேண்டும். முற்றிய பின் அறுக்க மருத்துவமனை இருக்கிறது, முளையில் பார்க்க நாற்காலி இல்லை.

அப்படியானால் அரசு என்னதான் வைத்திருக்கிறது? ஆந்திரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் விஜயவாடாவிலும் கடப்பாவிலும் இருக்கின்றன. திருப்பதியிலிருந்து கடப்பா ஏறத்தாழ 140 கிலோமீட்டர். திருப்பதியில் உள்ள பல் மருத்துவக் கல்லூரி தனியாருடையது. 1960இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியும் அதைச் சேர்ந்த ருயா மருத்துவமனையும், தேவஸ்தானத்தின் ஆதரவில் இயங்கும் ஸ்விம்ஸ் நிறுவனமும் உள்ள நகரம் அது. ஆண்டுக்கு 5,000 கோடி ரூபாயைத் தாண்டும் வரவு செலவுத் திட்டம் கொண்ட கோயில் நிர்வாகத்தின் தலைமையகமும் அதுதான். இத்தனை இருந்தும் ராயலசீமையின் தென்பகுதிக்கு ஒரு அரசு பல் மருத்துவக் கல்லூரி கிடைக்கவில்லை. சித்தூர் நகரத்து மக்கள் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, மாநில எல்லை கடந்து, வேலூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். எல்லை கடந்தவுடன் ஆந்திர அரசின் அட்டைக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது. 1960இல் திருத்தணி இந்தப்பக்கம் வந்தது, சித்தூர் அந்தப்பக்கம் நின்றது. எல்லை வகுத்தவர்கள் பல்வலிக்கு எல்லை வகுக்க மறந்துபோனார்கள்.

மாநில முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு இதே மண்ணில் பிறந்து, 1989 முதல் குப்பம் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வருபவர். சித்தூர் மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ன ஆயிற்று என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். மக்கள் பணத்தில் கட்டிய அந்த மருத்துவமனை, அப்பல்லோ குழுமத்தின் தனியார் மருத்துவக் கல்லூரிக்குப் பயிற்சிக் களமாகத் தரப்பட்டது. இடதுசாரிகள் அதை எதிர்த்துப் போராடினார்கள். நோயாளிகள் அரசுடையவர்கள், கட்டடம் அரசுடையது, கல்லூரிக் கட்டணம் மட்டும் தனியாருடையது. 2025 செப்டம்பரில் அதே வழி மாநிலம் முழுவதற்கும் விரிக்கப்பட்டது. மதனப்பள்ளி, ஆதோனி, மார்க்காபுரம், புலிவெந்துலா உள்ளிட்ட பத்து புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பொது-தனியார் கூட்டு முறையில் ஒப்படைக்க அமைச்சரவை முடிவு செய்தது. மருத்துவக் கல்லூரிக்கே இந்த நிலை என்றால், பல் மருத்துவத்துக்குத் தனியாக அரசு கல்லூரி கேட்பவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கேட்போம்.

காப்பீட்டின் பக்கம் திரும்பினால் வேறொரு காட்சி. 2007இல் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஆட்சியில் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ, இன்று என்.டி.ஆர். வைத்திய சேவா என்ற பெயரில் நடக்கிறது. ஆட்சி மாறினால் பெயர் மாறும், ஒன்று மட்டும் மாறாது: மருத்துவமனையில் படுத்தால்தான் அட்டை பேசும். விபத்தில் தாடை எலும்பு முறிந்தால் சிகிச்சை உண்டு. அன்றாடச் சொத்தைக்கும் ரூட் கெனாலுக்கும் பல்செட்டுக்கும் இடமில்லை. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதே வார்ப்பு. காப்பீட்டு ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது, விலக்கப்பட்டவை என்ற தலைப்பின் கீழ் அழகுச் சிகிச்சைக்குப் பக்கத்திலேயே பல் சிகிச்சையும் உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். மென்று தின்பது அழகுக் கலையாம்! கழுத்துக்குக் கீழே உடம்பு, கண்ணும் மூளையும் கூட உடம்பு. வாய் மட்டும் எவருடைய உடம்பிலும் சேராத தனிச் சொத்து என்பது இந்த ஆவணங்களின் கொள்கை. பல ஆயிரம் தரமுள்ள பற்களைக் காக்க மறுக்கும் இதே திட்டம், ஈறிலிருந்து பரவிய சீழ் கழுத்துக்கு இறங்கி உயிருக்கு ஆபத்தாகும்போது லட்சம் செலவழிக்கத் தயாராகிறது.

அந்த லட்சமும் உறுதியில்லை. நிலுவைத் தொகை வரவில்லை என்று 2025 அக்டோபரில் ஆந்திரத்தின் தனியார் மருத்துவமனைகள் வைத்திய சேவா சிகிச்சைகளை நிறுத்தின. அதற்குச் சற்று முன்புதான், 2.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையைக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் அதற்கு மேற்பட்டதை அறக்கட்டளையிடமும் விடும் கலப்பு முறைக்கு அரசு ஒப்புதல் தந்திருந்தது. லாபமுள்ள பகுதி நிறுவனத்துக்கு, சுமையான பகுதி கருவூலத்துக்கு என்பதைத் தவிர இதில் புதுமை ஏதுமில்லை. அரசுகளின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை 2025க்குள் எட்ட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கின்படி, கொரோனா காலச் செலவையும் சேர்த்து, எட்டியது 1.84 விழுக்காடு. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார்கள். பல்லைப் பொறுத்தவரை அது முழுக்க முழுக்கச் சட்டைப்பைதான் என்பது அன்றாடம் காண்பது.

எடையின் பக்கமும் சந்தை விழித்துக்கொண்டது. 2025 மார்ச்சில் எலி லில்லி நிறுவனம் மவுஞ்சாரோ என்ற ஊசியை இந்தியாவில் இறக்கியது. வாரம் ஒருமுறை போட வேண்டிய மருந்தின் மிகச் சிறிய அளவுக்கு அப்போது விலை 3,500 ரூபாய். மாதம் 14,000. மேலே சொன்ன 307 ரூபாய்க் கூலியில் 45 நாள் உழைப்பு. சர்க்கரைப் பானம் பத்து ரூபாய்க்குத் தெருமுனையில் கிடைக்கும், அதனால் ஏறிய எடையை இறக்க மாதம் பதினாலாயிரம். நோயையும் மருந்தையும் விற்கும் இந்த அங்காடியில் மருந்து வாங்க வழியற்றவர்களுக்கு அறிவுரை இலவசம்: வாயைக் கட்டுங்கள், நடங்கள். நாள் முழுதும் தறிக்கு முன்னும் பின்னும் நடப்பவரிடம் நடக்கச் சொல்லும் துணிவு மருத்துவச் சுவரொட்டிகளுக்கு மட்டுமே உண்டு.

பல் மருத்துவர் பற்றாக்குறை என்று ஒரு சாக்கு சொல்லப்படுவதுண்டு. இது பொய். நாட்டில் 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன, பெரும்பாலானவை தனியாருடையவை. ஆண்டுதோறும் 25,000க்கு மேற்பட்ட பிடிஎஸ் இடங்கள். கடன் வாங்கிப் படித்து வெளியே வரும் இளைஞர்களும் பெண்களும் நகரத்துக் கிளினிக் சங்கிலிகளில் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். சிலர் வேறு தொழிலுக்கே போய்விடுகிறார்கள். ஒரு பக்கம் வேலையற்ற பல் மருத்துவர், மறு பக்கம் பல்லற்ற தொழிலாளி. இருவருக்கும் நடுவில் அரசு ஒரு பணியிடத்தை உருவாக்கினால் இருவர் துயரும் தீரும். சமூக சுகாதார மையத்தில் ஒரு பல் மருத்துவர் இருக்க வேண்டும் என்று இந்தியப் பொது சுகாதாரத் தரநிலைகள் சொல்கின்றன. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் சூட்டப்பட்ட கிராம மையங்களின் பன்னிரண்டு சேவைகளுள் அடிப்படை வாய் நலமும் ஒன்று. 2014-15இல் தேசிய வாய் நலத் திட்டமும் தொடங்கப்பட்டது. தாளில் குறைவே இல்லை. பணியிடம் இருந்தால் மருத்துவர் இல்லை, மருத்துவர் இருந்தால் நாற்காலி பழுது, நாற்காலி ஓடினால் அடைக்கப் பொருள் இல்லை. எனவே அரசு மையத்தில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டே: வலி மாத்திரை அல்லது பிடுங்குதல்.

மாற்று வழி உண்டா என்றால், வரலாறு உண்டு என்கிறது. 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது பல் சிகிச்சையும் பல்செட்டும் கண்ணாடியும் கட்டணமின்றி வழங்கப்பட்டன. அதை உருவாக்கிய சுகாதார அமைச்சர் அனியூரின் பெவன், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவயதிலேயே உழைத்தவர். டிரெடிகர் என்ற சுரங்க ஊரில் தொழிலாளர்கள் சந்தா கட்டி நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தைக் கண்டு வளர்ந்தவர். பல்லும் கண்ணும் உடம்பின் பகுதி என்பது அவருக்கு விவாதத்துக்குரிய பொருளே அல்ல. வாசலைத் திறந்தவுடன் கூட்டம் அலைமோதியது. ஆண்டுக்கணக்கில் வலியைச் சகித்துக்கொண்டிருந்த ஒரு வர்க்கம் முதன்முறையாக வாயைத் திறந்தது. செலவு மதிப்பீட்டை மீறிவிட்டது என்று கூச்சல் எழுந்தது. கொரியப் போர் வந்தது. மூன்றாண்டுகளில் 470 கோடி பவுண்டு ஆயுதத் திட்டத்தை ஏற்ற தொழிற்கட்சி அரசு, 1951ஆம் ஆண்டு பட்ஜெட்டில் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலையைக் கட்டணமாக விதித்தது. அதனால் அந்த ஆண்டு மிச்சமாகும் தொகை வெறும் 1.3 கோடி பவுண்டு. பெவன் அமைச்சர் பதவியை உதறினார். அவரோடு ஹரால்டு வில்சனும் ஜான் ஃபிரீமனும் விலகினர். பல்செட்டுக்காக ஓர் அமைச்சர் பதவி விலகினார் என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. கட்டணம் ஒருமுறை உள்ளே நுழைந்தால் வெளியே போகாது என்று அவர் கண்டது சரியாயிற்று. இன்று பிரிட்டனில் அரசுச் சேவையில் பல் மருத்துவர் கிடைக்காமல் மக்கள் அலைகிறார்கள்.

அத்தனை தூரம் போகவும் வேண்டாம். கேரளத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் திருவனந்தபுரம், கோட்டயம், கோழிக்கோடு, ஆலப்புழா, திருச்சூர் உள்ளிட்ட இடங்களில் உள்ளன. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்குக் கட்டணமின்றிப் பல்செட்டு வழங்கும் திட்டம் ஒன்றை அம்மாநிலச் சமூக நீதித் துறை நடத்துகிறது. அதன் பெயர் மந்தஹாஸம். புன்னகை என்று பொருள். திட்டத்துக்குள் குறைகள் இருக்கலாம், காத்திருப்போர் பட்டியல் நீளலாம். ஆனாலும் முதியவரின் புன்னகை ஓர் அரசுத் துறையின் கோப்பில் ஏறியது. ஆந்திரத்தில் அத்தகைய கோப்பு திறக்கப்பட வேண்டும் என்பதே நமது வாதம்.

இனி நம்மைப் பற்றியும் பேச வேண்டும். பல ஆண்டுகளாக இவ்விதழுக்காகத் தீர்மானங்களையும் மாநாட்டு ஆவணங்களையும் தமிழாக்கி வருகிறோம். மருந்து விலை, தனியார்மயம், ஆஷா ஊழியர் ஊதியம், மருத்துவக் கல்லூரி எல்லாம் அவற்றில் வருகின்றன. பல் என்ற சொல் ஒருமுறையேனும் வந்ததாக நினைவில் இல்லை. நமது முன்னணித் தோழர்கள் பலர் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேடையேறியவர்கள். பல் போனால் சொல் போகும் என்பது பழமொழி. சொல்லையே கருவியாகக் கொண்ட இயக்கத்தில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை, முன்பற்கள் இழந்தபின் கூட்டத்தில் பேசுவதைத் தவிர்த்துவிட்ட பழைய தொழிற்சங்கத் தோழர்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது தியாகம் என்று நாமும் எங்கேயோ நம்பிவிட்டோம்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் நாம் முன்வைக்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. ருயா மருத்துவமனையோடு இணைந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி ஒன்று திருப்பதியில் வேண்டும். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், புங்கனூர் பகுதிகளின் அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவர், உதவியாளர், இயங்கும் நாற்காலி, அடைக்கும் பொருள் நான்கும் ஒருசேர இருக்க வேண்டும். மாலை நேரத்திலும் திறந்திருக்க வேண்டும். அரை நாள் கூலியை இழக்காமல் வரக்கூடிய நேரமே தொழிலாளிக்குப் பயன்படும் நேரம். சொத்தை அடைத்தல், ரூட் கெனால், பல்செட்டு மூன்றும் வைத்திய சேவா பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும். அதைவிட முக்கியமாக, அரசு மையத்திலேயே கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். காப்பீட்டில் மட்டும் சேர்த்தால் தேவையற்ற ரூட் கெனால்கள் பெருகும் என்பதைக் கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சைகளில் ஆந்திரம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் ஸ்ரீசிட்டி தொழிலாளர்கள் இஎஸ்ஐ வரம்புக்குள் வருபவர்கள். ஒப்பந்தத் தொழிலாளி உட்பட ஒவ்வொருவர் கையிலும் அந்த அட்டை இருக்கிறதா, சத்தியவேடு பக்கத்திலேயே பல் சிகிச்சை கிடைக்கிறதா என்பதைத் தொழிற்சங்கம் கேட்க வேண்டும். ரேஷனில் பருப்பும் கேழ்வரகும் கடலையும் நிலையாக வர வேண்டும். பள்ளி வாசலில் இனிப்புப் பான விற்பனைக்குத் தடை வேண்டும். அந்த விற்பனையால் பிழைக்கும் சிறு கடைக்காரரை எதிரியாக்காமல் இதைச் செய்வது எப்படி என்று யோசிக்க வேண்டியதும் நமது வேலைதான்.

அதற்கு முன் கணக்கு தெரிய வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சமூக சுகாதார மையத்துக்கும் நேரில் போய்ப் பார்க்கட்டும். பல் மருத்துவர் பணியிடம் ஒதுக்கப்பட்டுள்ளதா, நிரப்பப்பட்டுள்ளதா, நாற்காலி ஓடுகிறதா, கடந்த மாதத்தில் எத்தனை பற்கள் அடைக்கப்பட்டன, எத்தனை பிடுங்கப்பட்டன என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கடைசி இரண்டு எண்களும் கட்டாயம் வேண்டும். தெலுங்கிலும் தமிழிலும் மனு எழுதி, திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்ப்புக் கூட்டத்தில், வலியோடு இருப்பவர்களையே அழைத்துப் போய்க் கொடுக்கலாம். எழுதியெடுத்த எண்களின் ஒரு பிரதியை இவ்விதழுக்கும் அனுப்புங்கள். மண்டல வாரியாக வெளியிடுவோம்.